ஒன்பதால் வகுத்துப் பார்

கதாநாயகனின் மூக்கு அடுத்த தெரு வரைக்கும் நீண்டிருந்தது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நீண்டிருந்தது. முகத்திலிருந்து கிளம்பி, எதிரே நின்ற மஞ்சள் காரைத் துளைத்துக்கொண்டு போய், மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் குத்தி நின்றது. வானத்தில் பச்சைப் பச்சையாகச் சதுரங்கள். பிளாட்பாரத்தில் ஓர் அம்மாளுக்கு உடம்பே இல்லை. கைப்பை மட்டும் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு போஸ்டர், ட்யூப் லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி விட்டு விட்டுத் துடித்தது.

"என்னடா இது, பேய்ப் படமா?" என்றேன்.

"கேம்தான்பா. கார்டு என்னமோ பண்ணுது" என்றான் மகன். குரலில், அழுகைக்கு ஒரு படி முந்தைய ஈரம்.

2023 மே மாதம். கத்திரி வெயில். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்து, ப்ளஸ் டூ என்கிற பூதம் வந்து கவ்வுவதற்குள் கிடைத்த நாலு வார விடுதலையில் இருந்தான் பையன். அந்த விடுதலையின் ஒரே சொத்து அவனுடைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் ஒரே சொத்து உள்ளே இருந்த கிராஃபிக்ஸ் கார்டு.

அது அவன் சொந்தக் காசு. மூன்று தீபாவளி, மூன்று பொங்கல், தாத்தா பாட்டி மாமா சித்தி என்று சகலரும் கொடுத்ததை உண்டியலில் போட்டு, அந்த வருஷம் பிப்ரவரியில் பதினோராயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தாம்பரம் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் மாணவர் விற்றார். நான்தான் கூடப் போனேன். பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்ததும் நான்தான். வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்து, "பரவால்லடா, பொறுப்பா வாங்கியிருக்கே" என்று பாராட்டியதும் நானேதான்.

அதே நான், மூக்கு நீண்ட அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"ஏமாந்துட்டே."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பத்திரிகைக்காரன் ஆச்சே, ஒரு குற்றம் என்றால் உடனே குற்றவாளி வேண்டும். அந்த மாணவருக்கு போன் போட்டேன்.

"ஏம்ப்பா, மைனிங்ல போட்டு வறுத்தெடுத்த கார்டை சின்னப் பையன் தலையில கட்டிட்டியே, நியாயமா?"

இந்த மைனிங் விவகாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எத்திரியம் என்கிற டிஜிட்டல் காசை உண்டாக்க, கிராஃபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாகக் கணக்குப் போட வைப்பார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டுகளுக்கு அந்த வேலை ஒரே நாளில் போயிற்று. வேலை இழந்த கார்டுகள் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன. இதையெல்லாம் எங்கோ அரைகுறையாகப் படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவனின் கோபம் முழுசாக இருக்கும்.

"இல்ல அங்கிள், எங்கிட்ட கேம் மட்டும்தான் ஓடுச்சு. ரெண்டு வருஷமா ஒரு பிரச்னையும் இல்ல" என்றார் அந்தப் பிள்ளை.

"போலீஸ்ல சொன்னா எல்லாம் தானா வெளிய வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகன் அந்த போனை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், போவான்.

நாலாவது நாள், ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஹாலில் கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் விளையாட்டு இல்லை. 'கிராஃபிக்ஸ் கார்டை அவனில் வைத்துச் சுடுவது எப்படி' என்று ஒரு வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரர், கார்டை பிஸ்கட் தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். விட்டுப்போன ஈயப் பற்று மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மனைவி கேக் செய்கிற அவன் சமையலறையில் பத்தடி தூரத்தில் இருக்கிறது. கார்டு பிழைக்கிறதோ இல்லையோ, நாங்கள் இருவரும் பிழைக்க மாட்டோம். (இது வேடிக்கை இல்லை. அப்படிச் சுட்டால் கிளம்பும் புகை நல்லதல்ல. சாப்பாட்டு அடுப்பில் அதைச் செய்யவே கூடாது. சில கார்டுகள் அதற்கப்புறம் உயிர் பெற்றதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கொஞ்ச நாள்தான்.)

"இதுவரைக்கும் என்னெல்லாம் பண்ணிப் பார்த்தே?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாம்" என்றான்.

எல்லாம் என்றால் எல்லாமேதான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டிரைவரை மாற்றி, கேமை அழித்து மறுபடி போட்டு, செட்டிங்கில் இருபது இடத்தில் கை வைத்து, கேபிளைப் பிடுங்கிச் செருகி, விண்டோஸையும் அப்டேட் செய்திருக்கிறான். அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியிருக்கிறது. மறுநாள் மறுபடி மூக்கு. எது சரி செய்தது, எது கெடுத்தது? அவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

எனக்கு மயிலாப்பூர் ஆபீஸ் ஞாபகம் வந்தது.

நான் 2001-ல் பி.காம். முடித்தவன். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தேன். முதல் வாரம் என்னிடம் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கைக் கொடுத்தார்கள். ட்ரயல் பேலன்ஸ் ஒட்டவில்லை. 900 ரூபாய் உதைத்தது. ஒரு நாள் முழுக்கப் பேனாவோடு மல்லுக்கட்டினேன். இங்கே அடித்தேன், அங்கே திருத்தினேன். சாயங்காலம் வித்தியாசம் 2,340 ஆகியிருந்தது.

ஆடிட்டர் சார் வந்து பார்த்தார். திட்டவில்லை. "தம்பி, முதல்ல பேனாவைக் கீழ வை" என்றார். "இப்ப 900 சொல்றதைக் கேளு. ஒன்பதால வகு. மிச்சமில்லாம வகுபடுதா? அப்ப எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். 5,400-ஐ 4,500-ன்னு எழுதியிருப்பே. அது இல்லையா, 900-ல பாதி 450. அந்தத் தொகை எங்க இருக்குன்னு தேடு. பற்றுல போட வேண்டியதை வரவுல போட்டிருப்பே. ஒரு நேரத்துல ஒரு இடம்தான் கை வைக்கணும். வெச்சா எழுதி வைக்கணும்."

ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். 5,400 இல்லை, 8,700. 7,800 என்று எழுதியிருந்தேன்.

அந்த ராத்திரி, மகனிடம் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்று பத்தி. தேதி, என்ன மாற்றினோம், எத்தனை நிமிஷத்தில் மூக்கு நீண்டது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்.

"கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?" என்று கேட்டேன். இதுவும் ஆடிட்டர் சார் கேள்விதான். கணக்கு உதைத்தால், கடைசியாக ஒட்டின தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஏப்ரல் பதினாறு. ஞாயித்துக்கிழமை. மூணு மணி நேரம் ஆடினேன்."

"அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

கொஞ்சம் யோசித்தான். என் முகத்தைப் பார்த்தான். "தெரியலப்பா" என்றான்.

நான் எழுதிக்கொண்டேன்: தெரியவில்லை.

மறுநாள் ஆரம்பித்தோம். கிராஃபிக்ஸ் கார்டு என்பது என்ன என்று அப்போதுதான் எனக்கே பிடிபட்டது. நம் திரை 1,920-க்கு 1,080 புள்ளி என்றால், மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று கார்டு கணக்குப் போட வேண்டும். அப்படி ஒரு படம் முடிந்தால் போதாது. வினாடிக்கு அறுபது படம். அதாவது, வினாடிக்கு 12 கோடியே 44 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். அத்தனையும் எண்கள். கதாநாயகனின் மூக்கு நுனி எங்கே இருக்கிறது என்பதும் மூன்று எண்தான். அந்த எண்ணில் ஓர் இலக்கம் தப்பினால், மூக்கு நுனி அடுத்த தெருவுக்குப் போய்விடும். நான் 8,700-ஐ 7,800 என்று எழுதின மாதிரி, நினைவகச் சில்லு எங்கேயோ ஒன்றைப் பூஜ்யமாக எழுதியிருக்கிறது. பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான கார்டுகளில் இந்தத் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற ஏற்பாடு உண்டு. வீட்டுக் கார்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

முதல் சோதனை, காசு செலவில்லாதது. மூக்கு நீண்ட நேரத்தில் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என் மொபைலுக்கு அனுப்பச் சொன்னேன். மொபைலிலும் மூக்கு நீளமாகவே வந்தது. ஆகவே, படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கெட்டிருக்கிறது. கேபிளும் மானிட்டரும் நிரபராதிகள். திரையில் கோளாறு தெரிந்து ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்தால்தான் அவர்களைச் சந்தேகிக்க வேண்டும். நான் புது கேபிள் வாங்க அறுநூறு ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். அது பர்ஸுக்குத் திரும்பியது.

இரண்டாவது, ஸ்விட்ச் போட்டவுடன் விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை வருமே, அதைப் பார்த்தோம். அங்கேயே கோடும் கட்டமும் இருந்தால், டிரைவர் மேலேயோ விளையாட்டு மேலேயோ பழி போட முடியாது. அவை இன்னும் மேடைக்கே வரவில்லை. எங்களுக்கு அது சுத்தமாக இருந்தது.

மூன்றாவது, ஒரு விளையாட்டிலா, எல்லாவற்றிலுமா? மூன்று விளையாட்டுகளை ஓட்டினோம். பச்சைச் சதுரம் மூன்றிலும் வந்தது. ஆனால் அந்தத் துடிக்கிற போஸ்டர் ஒரே விளையாட்டில், ஒரே சுவரில், ஸ்விட்ச் போட்ட முதல் நிமிஷத்திலிருந்தே துடித்தது. நோட்டில் எழுதும்போதுதான் உறைத்தது. இது ஒரு வியாதி இல்லை, இரண்டு.

போஸ்டர் வியாதிக்கு மகனே காரணம் கண்டுபிடித்தான். எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்ய, கார்டு ஒவ்வொரு புள்ளிக்கும் 'எவ்வளவு தூரம்' என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. சுவரையும் போஸ்டரையும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வைத்துவிட்டால், தசமப் புள்ளிக்கு அப்புறம் இடம் போதாமல் ரவுண்ட் ஆஃப் ஆகி, ஒரு சமயம் சுவர் ஜெயிக்கும், ஒரு சமயம் போஸ்டர் ஜெயிக்கும். பார்ப்பவருக்குத் துடிக்கும். இஸட் ஃபைட்டிங் என்று பெயர். விளையாட்டை உருவாக்கியவர்கள் விட்ட தப்பு. கார்டுக்குச் சம்பந்தமே இல்லை. இதையும் சேர்த்து அந்தத் தாம்பரம் பிள்ளையின் தலையில் கட்டியிருந்தேன்.

சில சமயம் படம் நடுவில் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கமாக விலகும். அதையும் நோட்டில் 'கோளாறு' என்று எழுதப் போனேன். "அது கோளாறு இல்லப்பா, டேரிங். மானிட்டரும் கார்டும் ஆளுக்கு ஒரு தாளத்துல போனா, பழைய படம் பாதி, புதுப் படம் பாதின்னு தெரியும். வி-சிங்க் போட்டா போயிடும்" என்றான். போட்டான், போயிற்று. மூன்று நாள் பேசாதவன், ஒரே மூச்சில் இவ்வளவு பேசினான்.

நாலாவது, டிரைவர். பழையதன் மேலேயே புதுசைப் போடாமல், சேஃப் மோடில் போய்த் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி போட்டான். அதற்கென்றே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. இருபத்திரண்டாவது நிமிஷம், மூக்கு.

டிரைவர் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு விஷயம் சொன்னான். 2004-ல் வந்த ஹாஃப் லைஃப் 2 விளையாட்டின் சோர்ஸ் எஞ்சினில், ஒரு சுவருக்கான படம் காணாமல் போனால், அந்த இடத்தில் ஊதாவும் கறுப்புமாகக் கண்ணைக் குத்துகிற கட்டம் வருமாம். பொருளே காணாமல் போனால் சிவப்பில் 'எரர்' என்கிற எழுத்தே உருவமாக நிற்குமாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

"எதுக்குடா இவ்வளவு அசிங்கமா?"

"அழகா வெச்சா யாரும் கவனிக்க மாட்டாங்கல்ல."

அட, இது நம்ம அனாமத்துக் கணக்கு! ட்ரயல் பேலன்ஸ் ஒட்டாத தொகையை எங்கேயாவது சொருகி மறைக்காமல், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு தனித் தலைப்பில் நிறுத்துவோமே, அதேதான். தப்பை மறைக்காமல் நடு ஹாலில் நிற்க வைப்பது. நான் ரசித்தேன். நடு ஹாலில் நிற்கும் இன்னொன்றைப் பற்றி அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது, கார்டின் நினைவக வேகத்தை மென்பொருள் மூலமாகக் கொஞ்சம் குறைத்தோம். மூக்கு இருபதாவது நிமிஷத்துக்குப் பதில் நாற்பதாவது நிமிஷத்தில் நீண்டது. நோட்டில் முதல் முறையாக ஓர் எண் நகர்ந்தது. ஒன்பதால் வகுபட்ட மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். ஆன உடனே வருவதில்லை, இருபது நிமிஷம் கழித்துத்தான் வருகிறது. வேலையைக் குறைத்தால் தாமதமாக வருகிறது. இது சூடு.

ஆனால் சூட்டைக் காட்டும் மென்பொருள் 78 டிகிரி என்றுதான் சொன்னது. கார்டுக்கு அது சகஜமான சூடு. இங்கேதான் ஒரு சூட்சுமம். அந்த 78, நடுவில் இருக்கிற பெரிய சில்லின் சூடு. அது எல்லை தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்துவிடும். அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நினைவகச் சில்லுகளின் சூட்டை எங்கள் கார்டு வெளியே சொல்வதே இல்லை. முதலாளிக்கு ஏசி அறை. குமாஸ்தாக்கள் வேகிற வேக்காடு யாருக்கும் தெரியாது.

ஆறாவது, அதே அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் மகனின் சிநேகிதன். அவன் கம்ப்யூட்டரில் எங்கள் கார்டைப் போட்டோம். இரண்டு மணி நேரம். மூக்கு மூக்காகவே இருந்தது. போஸ்டர் மட்டும் அங்கேயும் துடித்தது. வீட்டுக்கு எடுத்துவந்து மறுபடி எங்கள் கம்ப்யூட்டரில் போட்டோம். பதினெட்டு நிமிஷம், மூக்கு.

"பவர் சப்ளைதான். நாளைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போய் புதுசு வாங்கிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். அதுவும் நியாயமான சந்தேகம்தான். மின்சாரம் தடுமாறினாலும் கார்டு உளறும்.

மகன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திப் பாக்கலாமா?"

"என்ன?"

பதில் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் குனிந்தான். கதவைத் திறந்தான். உள்ளே இருந்த சிபியுவை இழுத்து, வெறும் தரையில், ஃபேனுக்கு அடியில் வைத்தான்.

இங்கே அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் மூன்றாவது வாரம், கார்பென்டரிடம் சொல்லி ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு நான் செய்யச் சொன்ன மேசை. ஹாலில் வயரும் டப்பாவும் கண்ணை உறுத்துகிறது என்று, சிபியுவுக்கு நானே படம் போட்டுக் கொடுத்து, பின்பக்கம் பலகை அடித்து, முன்பக்கம் கதவு வைத்து, தேக்கு நிறத்தில் ஒரு பெட்டி. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் கதவைத் திறந்து காட்டுவேன். கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது பாருங்கள்!

தரையில் வைத்து ஆடினான். இருபது நிமிஷம். நாற்பது. ஒரு மணி. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மூக்கு நீளவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரம். நீளவில்லை.

கத்திரி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி. அந்தப் பெட்டிக்குள் கார்டு விடுகிற மூச்சையே கார்டு மறுபடி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னால் நாம் என்ன ஆவோம்?

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"மேசை வந்த அன்னிக்கே காத்து போகாதுன்னு சொன்னேன்லப்பா."

சொன்னான். ஞாபகம் வந்தது. கார்பென்டர் முன்னால் சொன்னான். "பெரிய இன்ஜினீயர் மாதிரி பேசாதே" என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. கார்பென்டர் சிரித்தார்.

"சரி, நோட்டு போட்ட அன்னிக்கு என்ன மாறுச்சுன்னு கேட்டேனே, அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டாவது தடவ சொன்னா திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

ஏழு சோதனை, பத்து நாள், ஒரு நோட்டு. விடை முதல் நாளே வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நான்தான் அது வாயைத் திறக்க முடியாதபடி கதவு போட்டு வைத்திருந்தேன்.

கணக்கில் ஒரு வகைத் தப்பு உண்டு. ஈடுசெய் பிழை என்று பெயர். ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிடும். ட்ரயல் பேலன்ஸ் அழகாக ஒட்டும். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். பையன் பேசவில்லை, நான் திட்டவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் டேலி போட்டு வைத்திருந்த கணக்கும் அந்த வகைதான் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெட்டியின் பின்பலகையை அறுத்தோம். கதவைக் கழற்றினோம். கார்டை வெளியே எடுத்து பால்கனியில் வைத்துத் தூசி தட்டினோம். இரண்டு விசிறிக்கும் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும், தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுவிடும் என்று மகன் சொல்லிக் கொடுத்தான். சில்லுகளின் சூட்டை வெளியே கடத்துகிற பசையும் பட்டைகளும் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பட்டையின் கனம் கொஞ்சம் பிசகினாலும் காரியம் கெடும் என்பதால் அதில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றினோம். நினைவக வேகத்தைப் பழையபடி ஏற்றினோம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, நோட்டில் எழுதி.

ஒரு பாக்கி இருந்தது. அதற்கு நோட்டில் பத்தி இல்லை.

போனை எடுத்து நாலு தடவை வைத்தேன். ஐந்தாவது தடவை அந்தத் தாம்பரம் பிள்ளையைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் நம்பரைப் பார்த்து பயந்திருப்பார். எடுத்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "அங்கிள், நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன். பாதிப் பணம் இப்ப தர்றேன். மீதி ஜூலைல தந்துடறேன். போலீஸ்க்கு மட்டும் போகாதீங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

தப்பே செய்யாத ஒரு பிள்ளை, நான் போட்ட சத்தத்துக்கு பயந்து, பத்து நாளாகப் பணத்துக்கு அலைந்திருக்கிறது. கார்டு விளையாட்டில்தான் பேயைக் காட்டியது. நான் நிஜத்திலேயே காட்டியிருக்கிறேன்.

மேசையைப் பற்றி, பெட்டியைப் பற்றி, கதவைப் பற்றி எல்லாம் சொன்னேன். "தப்பு என்மேலதான்ப்பா. மன்னிச்சுக்கோ" என்றேன். என் மகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முன்பு நான் கத்தியதையும் இதே இடத்தில் நின்றுதான் கேட்டான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெருமூச்சு.

"கார்டு இப்ப நல்லா ஓடுதா அங்கிள்?"

"ஓடுதுப்பா."

"அந்த மெரூன் கலர் சுவத்துல ஒரு போஸ்டர் துடிக்குமே, அது எனக்கும் துடிச்சுது அங்கிள். அது கேம் தப்பு. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்ப்பா. பையன் சொன்னான்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். "சாப்டீங்களாப்பா?" என்றான் மகன்.